பழுது ஏற்பட்ட விதம்

கரண்ட் போனதற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அந்த அக்காவிடம்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு காற்றாலைக் கம்பெனியின் கிளை அலுவலகம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவருக்கு முன்னால் மேனேஜரும் நானும் கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி நின்றது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிற கம்பெனியில் காற்றும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அப்போது முன்னறையிலிருந்து டைப்பிஸ்ட் அக்கா எழுந்து வந்தார். கையில் இரண்டு அட்டை.

“மன்னிச்சிருங்க சார், கரண்டு போயிட்டு. இந்நேரத்துக்குப் போவும்னு தெரியும், நான் முன்னாடியே சொல்லிருக்கணும்” என்று ஆளுக்கொரு அட்டையை விசிறிக்கொள்ளக் கொடுத்தார். மெயின் சுவிட்சைத் தானே இறக்கிவிட்டு வந்தவர் போல முகத்தை வைத்திருந்தார். அதிகாரியும், “பரவாயில்லம்மா” என்று அவரை மன்னித்துவிட்டார்.

அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட நூல் சேலை, உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். சமாதானபுரத்திலிருந்து குடையோடு நடந்து வருவார். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. டைப் அடிப்பது, ஃபேக்ஸ் அனுப்புவது, கூரியர் கட்டுவது, டெலிபோன் எடுப்பது எல்லாம் அவர்தான். கிறிஸ்தவர். ஆனாலும் மேனேஜர் மாட்டி வைத்திருந்த பிள்ளையார் படத்துக்குத் தினமும் பூ வைப்பதும் அவர்தான். ஏன் அக்கா என்று கேட்டால், “சார் வர பத்தரை ஆவும். அதுவரைக்கும் பூவு பொட்டலத்துக்குள்ள கெடந்து புழுங்கும்லா” என்பார்.

எந்தத் தவறு நடந்தாலும், யார் செய்தாலும், முதலில் வரும் குரல் அவருடையதாக இருக்கும். மேனேஜர் ஃபேக்ஸ் எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்து, எங்கள் கடிதம் கோயம்புத்தூரில் யாரோ ஒரு பஞ்சு வியாபாரிக்குப் போய்விட்டது. “நான் ஒரு தடவ சரி பாத்திருக்கணும் சார்” என்றார் அக்கா. எங்கள் டெக்னீஷியன் அண்ணாச்சி ராதாபுரம் பக்கத்துக் காற்றாடிக்குப் போக வேண்டிய உதிரிபாகத்தைக் கயத்தாறுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். “நாந்தான் லிஸ்ட்ட நெருக்கி அடிச்சிட்டேன். அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?” என்றார். ஒருநாள் ஜங்ஷன் போகிற பஸ்ஸில் அவரோடு போனேன். ஒரு தடிமனான ஆள் அவர் காலை நன்றாக மிதித்துவிட்டான். “மன்னிச்சிருங்க, காலக் கொஞ்சம் நீட்டி வச்சிட்டேன்” என்று அவனிடம் இவர் சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் காலை நீட்டுவதற்கு இடம் ஏது?

எனக்கு இது எரிச்சலாக வந்தது. எந்நேரமும் குனிந்துகொண்டே இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன். அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகப் பதில் சொன்னார்.

“பயந்துகிட்டுச் செய்யுதேன்னு நெனைக்கியளா தம்பி? அதெல்லாம் இல்ல. நீயா நானான்னு நின்னா அர நாளு போயிரும். யாராவது ஒருத்தர் ஏத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சிருமில்லா? அப்புறம் வேலயப் பாக்கலாம்.”

அதற்குப் பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அவர் ‘மன்னிச்சிருங்க’ என்று சொன்னதும் மேனேஜரின் கோபம் இறங்க இடம் கிடைத்து இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் டெலிபோன் அடிக்கும், டைப்ரைட்டர் ஓடும், அண்ணாச்சி ஜீப்பைக் கிளப்புவார். அந்த அலுவலகம் ஓடியதே அவர் அப்படி இருந்ததால்தான் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அவர் மேல் எனக்குப் பிரியம் வந்ததும் அப்போதிருந்துதான். அவருடைய வீட்டுக்காரர் பம்பாய்க்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அதைப் பற்றி யாராவது துருவினால்கூட, “நான் கொஞ்சம் வாய்த்துடுக்கு” என்று முடித்துவிடுவார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள் இருந்தாள்.

பிரியம் வந்தால் மட்டும் போதுமா, நானும் மற்றவர்களைப் போலத்தான் நடந்துகொண்டேன். மேனேஜருக்கு ஒரு பழக்கம். எந்தத் தவறானாலும், “எழுத்துல வேணும்” என்பார். யார் பொறுப்போ அவர் மூன்று வரி விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் எழுத உட்கார்ந்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போகும். அக்கா இரண்டு நிமிடத்தில் டைப் அடித்துவிடுவார். அதனால் எல்லோருடைய தவறும் நாளடைவில் அவர் மேஜைக்கே போனது. “அந்தம்மா இருக்கையில நமக்கென்னவே கவல?” என்பார் அண்ணாச்சி. நானே இரண்டு தடவை அப்படிச் செய்தேன். திசையன்விளை பக்கம் ஒரு காற்றாடியின் சாவிக்கொத்தைத் தொலைத்தது நான். பதிவு நோட்டை மழையில் நனைய விட்டதும் நான். இரண்டுக்கும் கடிதம் அவர் பெயரில் போனது. அந்தக் காகிதங்கள் எங்கே போகின்றன என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஐந்து வருடமாக அவர் தற்காலிக ஊழியர். நாங்கள் எல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். அவர் மட்டும் தனியாக ஒரு நீள நோட்டில் போட வேண்டும். மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில் தாயின் வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு வேலையை நிரந்தரமாக்கி ஆர்டர் வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நானும் அதே மாதத்தில்தான் பயிற்சிக் காலத்தை முடித்து ஆர்டருக்குக் காத்திருந்தேன். “ஜனவரியில ரிஜிஸ்டர்ல உங்களுக்குக் கீழ எம்பேரு வரும், பாருங்க” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு மினுக்கம் வரும்.

அந்த வருடம்தான் அலுவலகத்துக்கு லேப்டாப் வந்தது. காற்றாடியின் அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒயரைச் சொருகிக் கணக்கு எடுப்பதற்காகத் தலைமை அலுவலகம் வாங்கி அனுப்பியது. கனமான கறுப்புப் பொருள். அதன் சார்ஜர் ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. பக்கத்து அலுவலகங்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் திரையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது அக்கா ஒருவர்தான் பெட்டியில் இருந்த வாரண்டிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“ஒரு வருஷம் வாரண்டி தம்பி. தண்ணி பட்டா கிடையாது. கீழ விழுந்தா கிடையாது. நாமளே திறந்து பாத்தா கிடையாது. அட்டப்பெட்டி இல்லன்னாலும் மாத்தித் தர மாட்டாங்களாம்.”

மேனேஜர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னார். அக்கா போடவில்லை. லேப்டாப்பின் பெரிய பெட்டி, சார்ஜருக்கென்று வந்த சின்னப் பெட்டி, வெள்ளை தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி பீரோவின் மேல் ஏற்றினார். வாரண்டி அட்டையும் பில்லும் அவர் மேஜை டிராயரில் ஒரு உறைக்குள் போயின.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதைப் பெரிதாகச் செய்வார்கள். ஸ்பேனர், திருப்புளி, மல்டிமீட்டர், டைப்ரைட்டர், ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். லேப்டாப்புக்கு அது முதல் பூஜை. மேனேஜர் என்னைப் பார்த்து, “நீரு சைவப்பிள்ளையாச்சேவே, நீரே போடும்” என்றார். நானும் உற்சாகமாக ஒரு கிண்ணத்தில் பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டேன். லேப்டாப்பின் மூடியில் ஒரு பொட்டு. சார்ஜரின் நான்கு பக்கத்திலும் நான்கு பொட்டு. அது அப்போது சுவரில் சொருகியிருந்தது. பாட்டரி குறைவாக இருக்கிறதே, பூஜை முடியும்வரை ஏறட்டும் என்று நான்தான் சொருகியிருந்தேன். மற்றவர்கள் ஜீப்புக்கு எலுமிச்சம்பழம் வைக்க வெளியே போயிருந்தார்கள். பன்னீர்ச் செம்பு கையில் இருந்தது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவனைப் போல மூன்று தடவை எல்லாவற்றின் மேலும் தெளித்தேன்.

‘சட்’ என்று ஒரு சத்தம். சார்ஜரில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒயரைச் சுவரிலிருந்து உருவினேன். சார்ஜரின் மேல் இரண்டு கேந்திப்பூவை வைத்து மூடினேன். பூஜைக்கு வைத்த எதையும் அன்றைக்கு யாரும் எடுத்துப் புழங்கமாட்டார்கள். மறுநாள் விஜயதசமி அன்று பூவை எடுத்து, துடைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். அதனால் ஒருநாள் முழுக்க அது செத்துக் கிடப்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். அதற்குள் அக்கா எல்லாச் சாமானையும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் அது அவர் வேலை. மேனேஜர் லேப்டாப்பைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். காற்றுக் காலம் முடிந்து சென்னைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அதற்குள் இருந்தது. பாட்டரி காலி. சார்ஜரைச் சொருகினால் விளக்கு வரவில்லை.

“என்னவே ஆச்சு? நேத்து நல்லாத்தான இருந்திச்சு? யாரு தொட்டது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது உண்மை. ஆனால் என்ன சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

“மன்னிச்சிருங்க சார். நான்தான் ஈரத்துணி வச்சுத் தொடச்சேன். தண்ணி படக்கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சே செஞ்சிட்டேன்” என்றார் அக்கா.

மேனேஜர் அன்றைக்குக் கத்திய கத்தலில் மாடியில் குடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேச்சு முடிய ஐந்து நிமிடத்துக்கு மேலேயே ஆனது. நான் ஃபைல்களை அடுக்குவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த ஃபைல்கள்.

வாரண்டியில் மாற்றித் தருவார்களா என்று சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டோம். ஒரு படிவம் ஃபேக்ஸில் வந்தது. வரிசை எண், வாங்கிய தேதி, பில் எண். எல்லாம் அக்காவின் டிராயரில் இருந்தது. அதற்குக் கீழே ‘பழுது ஏற்பட்ட விதம்’ என்று நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“தானா நின்னுபோச்சுன்னு போட்டுருவோம் சார்” என்றேன்.

“சந்தனம் இடுக்குல ஏறியிருக்கு. அவன் என்ன குருடனா?” என்றார் மேனேஜர். “உள்ளதப் போடுங்க. அவன் மாத்தித் தரலன்னா ஹெட் ஆபீஸ்ல என்னயத்தான் கேப்பான். எனக்கு எழுத்துல வேணும்.”

அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து, சார்ஜரின் பொருத்துக்குள் காய்ந்துபோயிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். மேனேஜர் அப்போது அறைக்குள் இருந்தார். பத்து அடி எடுத்து வைத்தால் போதும்.

“அக்கா, அந்தக் கடிதத்துல உங்க பேரு போடாதீங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் ஊக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “பேரில்லாம எப்படித் தம்பி கடிதம்? ஏதாவது ஒரு பேரு வேணும்லா?” என்றார்.

நான் நின்றேன். அவரும் காத்திருந்தார். அவர் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு அவர் டைப்ரைட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். படிவத்துக்கு நான்கு வரி, மேனேஜருக்கு மூன்று வரி. பீரோ மேலிருந்து போர்வையை இறக்கி, சின்னப் பெட்டியை எடுத்து, வந்தபோது இருந்த அதே மடிப்பில் ஒயரைச் சுருட்டி, தெர்மாகோலுக்கு நடுவில் சார்ஜரை வைத்து மூடினார். கூரியர் அன்று சாயங்காலமே போனது.

சென்னையிலிருந்து பதில் வராமல் நாட்கள் போயின. அறிக்கைக்கான எண்களை நானும் அண்ணாச்சியும் கூடங்குளம் பக்கம் தொடங்கி ஒவ்வொரு காற்றாடியாகப் போய்க் கையால் குறித்து வந்தோம். அக்கா அதை ராப்பகலாக இல்லாவிட்டாலும் மூச்சு விடாமல் டைப் அடித்தார். தீபாவளி போனது. என் ஆர்டர் வந்தது. அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. தற்காலிக டைப்பிஸ்ட் பணியை அந்த மாதத்தோடு முடித்துக்கொள்வதாக இரண்டு வரி.

கடைசி நாளிலும் அவர் எட்டே முக்காலுக்கு வந்து பிள்ளையாருக்குப் பூ வைத்தார். டிராயரைக் காலி செய்து ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்படைத்தார். “இது வாரண்டி அட்ட. இது பில்லு. புது சார்ஜர் வந்தா பெட்டியத் தூரப் போட்டுராதீங்க, அதுக்கும் வாரண்டி உண்டு.” பிறகு மேனேஜர் அறை வாசலில் போய் நின்றார். “மாசக் கடைசியில போறேன் சார். லெட்டரெல்லாம் தேங்கிரும். மன்னிச்சிருங்க” என்றார். மேனேஜர் நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினார். அக்கா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் படிவரை போனேன். ரோடு வரை போயிருக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து பார்சல் வந்தது. பளபளவென்று புதுச் சார்ஜர். கூடவே ஒரு கடிதம். நீங்கள் அனுப்பியதைத் திறந்து பார்த்ததில் உள்ளே ஈரத்தின் தடயம் எதுவும் இல்லை. இந்த வரிசையில் வந்த பல சார்ஜர்களில் உள்ளே ஒரு பற்றவைப்பு சரியாக இல்லாதது தெரியவந்துள்ளது. இது தயாரிப்பில் ஏற்பட்ட குறை. சிரமத்துக்கு வருந்துகிறோம். இதுதான் அதன் சாரம். நான் தெளித்த பன்னீரும் இல்லை, அவர் வைத்த ஈரத்துணியும் இல்லை. தெளித்த அந்த நொடியில் அது ஏன் அணைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படியோ, அந்த நான்கு வரியில் யார் பெயரும் தேவைப்பட்டிருக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் ஓடினேன். “சார், அந்த அக்கா மேல தப்பே இல்ல. திரும்பக் கூப்பிடலாம்லா?”

அவர் படித்துவிட்டுக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். முகம் சுருங்கித்தான் போனது. “வேற ஆளு போட்டாச்சேவே” என்றார். பிறகு எழுந்து பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் போட்டார். “இந்தச் சார்ஜரு ஒண்ணுக்காகவா போச்சு? ஹெட் ஆபீஸ்ல இதக் கேட்டு வாங்கிப் பாத்தான். நீரே பாரும்.”

அக்காவின் ஃபைல். உள்ளே ஐந்து வருடத்து விளக்கக் கடிதங்கள். எல்லாம் ஒரே டைப்ரைட்டர், ஒரே மூன்று வரி, கீழே ஒரே கையெழுத்து. கோயம்புத்தூருக்குப் போன ஃபேக்ஸ். கயத்தாறில் இறங்கிய உதிரிபாகம். திசையன்விளைச் சாவிக்கொத்து. மழையில் நனைந்த நோட்டு. புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தவறு செய்த ஒருவரை யார்தான் நிரந்தரமாக்குவார்கள்? அதில் ஒன்றுகூட அவர் செய்ததில்லை. மேனேஜருக்கும் அது தெரியும். நான் ஃபேக்ஸ் கடிதத்தில் நின்றபோது அவரே கையை நீட்டிச் சட்டென்று அடுத்த தாளைப் புரட்டினார்.

அப்போதாவது நான், சார்ஜர் மேல் பன்னீர் தெளித்தது நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்படிப்பட்ட சமாதானம் எனக்குச் சட்டென்று வந்துவிடும்.

அடுத்த வருடம் காற்றுக் காலம் தொடங்கியபோது திசையன்விளைக்குப் போயிருந்தேன். அக்கா மகளோடு அங்கே போய்விட்டார், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இருக்கிறார் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். இதைக் காட்டினால் அவருக்கு மனசு ஆறும் என்று நினைத்தேன். உண்மையில் என் மனசு ஆற வேண்டும் என்றுதான் போனேன்.

நான் போய் நின்றபோது கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். “பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாயிட்டும்மா. என்ன பூத்து நடத்துதிய?”

என் காதில், அக்கா சொல்லப்போவது முன்கூட்டியே கேட்டுவிட்டது. ‘மன்னிச்சிருங்கய்யா, நான்தான்.’ ஆனால் அவர் நிமிர்ந்து அந்த ஆளை நேராகப் பார்த்தார்.

“எக்சேஞ்சுல போய்க் கேளுங்க. நான் ஒண்ணும் செய்யல” என்றார்.

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டு போனார். அதே சேலை, அதே கடிகாரம். குரல் மட்டும் வேறு யாருடையதோ. என்னைப் பார்த்ததும், “வாங்க தம்பி, நல்லா இருக்கியளா?” என்று முக்காலியை எடுத்துப் போட்டார். மகள் ஒன்பதாம் வகுப்பு போகிறாள் என்றார். மேனேஜரைக் கேட்டார், அண்ணாச்சியைக் கேட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். மெதுவாக முழுவதும் படித்தார். வாரண்டிப் புத்தகத்தைப் படித்த அதே கவனம்.

“உங்க மேல தப்பே இல்லக்கா. இதச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன்.

“எம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும் தம்பி.” கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்தார். “நான் துடைக்க வந்தப்போ ஒயரு உருவிக் கெடந்துச்சு. மேல ரெண்டு கேந்திப்பூவு. எல்லாச் சாமானுக்கும் ஒரு பூவு வச்சிருந்தாங்க, அதுக்கு மட்டும் ரெண்டு. சுத்தியும் பன்னீர் காஞ்ச தடம். யாரு செம்பு வச்சிருந்தான்னு எனக்குத் தெரியாதா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உங்களுக்கும் ஆர்டர் வரவேண்டிய மாசம். சின்ன வயசு. ஏத்துக்கிடுவோம், பெறகு நீங்களே சாருகிட்ட போயிச் சொல்லுவியன்னு நெனச்சேன். ஜன்னல்கிட்ட வந்து நின்னியள்ல, அப்போ சொல்லிருவியன்னு நெனச்சேன். படி வரைக்கும் வந்தியள்ல, அப்பவும் நெனச்சேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “எத்தனையோ ஏத்துக்கிட்டேன் தம்பி. எதுக்கும் வருத்தப்பட்டதில்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, யாராவது ஒருத்தர் ‘இல்ல, அது நான்’னு சொல்லுவாகளான்னு பாத்தேன்.”

வெளியே தூத்துக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டது. மேஜையில் மீட்டரின் சிவப்பு எண்கள் சைபரில் நின்றன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான் அக்கா. எம்மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. யாராவது ஒருத்தர் ஏற்றுக்கொண்டால் பேச்சு முடிந்துவிடும் என்று அவர் சொன்னது நிஜம்தான், முடிந்துவிட்டது. கடிதத்தை என் பக்கம் மேஜையில் நகர்த்தி வைத்தார். வாசலில் ஒரு கிழவி கசங்கிய துண்டுச்சீட்டோடு வந்து நின்று, பம்பாய்க்குப் போட வேண்டும் என்றாள். அக்கா சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்து அவளிடம் சரிபார்க்க ஆரம்பித்தார்.